அகநோக்கு முறை: உளவியலின் முதல் ஆய்வு முறை உயர்ந்ததும் வீழ்ந்ததும்

அகநோக்கு முறை என்பது ஒருவர் தம் மனத்தில் நிகழ்வதைத் தாமே கவனித்துச் சொல்லும் முறை. ஆசிரியர் பயிற்சிக்கான உளவியல் நூல்களில் ஆய்வு முறைகளின் பட்டியல் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்கும். அடுத்து அதன் குறைகள் சில வரிகளில் வரும்: குழந்தைகளுக்குப் பொருந்தாது, விலங்குகளுக்குப் பொருந்தாது, ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்க்க இயலாது. பிறகு உற்றுநோக்கல், சோதனை முறை, தனியாள் ஆய்வு என்று பாடம் நகர்ந்துவிடும்.

இப்படிப் படிக்கும் மாணவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு வெளிப்படையான குறைகள் உள்ள முறையைத் தேர்ந்த அறிவியலாளர்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஏன் பிடித்துக்கொண்டிருந்தனர்? அந்தக் குறைகளை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். பாடநூலில் இன்று காணப்படும் குறைகளில் சிலவற்றை முதலில் எழுதியவர்களே அந்த முறையைப் பயன்படுத்தியவர்கள்தாம். உளவியலில் கட்டமைப்புவாதம், செயற்பாட்டுவாதம், நடத்தையியல், கெஸ்டால்ட் எனப் பல பள்ளிகள் தோன்றியதற்கான காரணத்தைத் தேடினாலும் இந்த ஒரு முறையைப் பற்றிய சண்டையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மனத்தை அளக்க முடியுமா?

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1786-இல் ஒரு தடையை எழுப்பினார். இயற்கை அறிவியல் என்றால் அதில் கணிதம் இருக்க வேண்டும். மன நிகழ்ச்சிகளுக்குக் கணிதத்தைப் பொருத்த முடியாது. ஆகவே உளவியல் முறையான அறிவியல் ஆக முடியாது என்பது அவர் வாதம். பிரான்சின் ஆகஸ்ட் கோம்ட் வேறொரு தடையைச் சொன்னார். சிந்திக்கும் மனம் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டு, ஒரு பாதி சிந்திக்க மறு பாதி அதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது என்றார். கோபத்தில் இருப்பவர் தம் கோபத்தைக் கவனிக்கத் தொடங்கினால் கோபம் தணியத் தொடங்கிவிடும் என்பதை நினைத்தால் இந்த வாதத்தின் வலிமை விளங்கும்.

முதல் தடையை உடைத்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர், வானியலாளர்களும் உடலியலாளர்களும்தாம். 1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கலின் தம் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில் இருவருக்கும் சுமார் 0.8 நொடி வேறுபாடு வந்துகொண்டிருந்தது. அது உதவியாளரின் கவனக்குறைவு என்று மாஸ்கலின் கருதினார். சில பத்தாண்டுகள் கழித்து பெஸ்ஸல் என்ற வானியலாளர் இதை ஆராய்ந்து, எந்த இரண்டு வானியலாளர்களுக்கும் இடையில் இத்தகைய வேறுபாடு இருக்கும் என்று காட்டினார். கின்னிபுரூக்கின் மீது குற்றம் இல்லை. கண்டதும் குறிப்பதும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. இடையில் நேரம் கழிகிறது. அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். அது மின்னல் வேகம் அன்று. நொடிக்குச் சுமார் 27 மீட்டர்தான். 1868-இல் நெதர்லாந்தின் டோண்டர்ஸ் இன்னும் ஒரு படி சென்றார். ஒரு விளக்கு எரிந்தவுடன் கையை அசைக்க எடுக்கும் நேரம் ஒன்று. இரண்டு விளக்குகளில் எது எரிந்தது என்று பார்த்து அதற்குரிய கையை அசைக்க எடுக்கும் நேரம் மற்றொன்று. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் கிடைப்பது, தேர்ந்தெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம். ஒரு கழித்தல் கணக்கில் மனச்செயல் எண்ணாக மாறியது.

இதற்கிடையே எர்னஸ்ட் வேபர், எடை வேறுபாட்டை உணர்வது மொத்த எடையின் விகிதத்தைப் பொறுத்தது என்று கண்டிருந்தார். கையில் தூக்கிப் பார்க்கும்போது சுமார் 40-இல் 1 பங்கு கூடினால்தான் வேறுபாடு தெரியும். 40 கிராமுக்கு 1 கிராம் போதும்; 400 கிராமுக்கு 10 கிராம் வேண்டும். குஸ்டாவ் ஃபெக்னர் இதைச் சமன்பாடாக்கி 1860-இல் 'உளஇயற்பியலின் கூறுகள்' என்ற நூலை வெளியிட்டார். காண்டின் தடை நீங்கிவிட்டது. கோம்ட்டின் தடை அப்படியே இருந்தது.

லைப்சிக்

வில்ஹெம் வுண்ட் (1832–1920) மருத்துவம் படித்தவர். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தவர். 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வகமே உளவியலின் முதல் ஆய்வகமாகக் கொள்ளப்படுகிறது. அங்கிருந்த கருவிகள் எளியவை: தாளக் கருவி, விழும் பந்து, நொடியில் 1000-இல் 1 பங்கு வரை காட்டும் கால அளவி.

வுண்டைப் பற்றிப் பாடநூல்கள் பரப்பிய பிழை ஒன்று உண்டு. அவர் ஆட்களை உட்காரவைத்து மனத்தில் தோன்றுவதையெல்லாம் விவரிக்கச் சொன்னார் என்பதே அது. உண்மையில் அத்தகைய விவரிப்பை அவர் ஏளனம் செய்தார். தன்னைத்தானே கவனித்தல் வேறு, அகக்காட்சி வேறு என்று பிரித்தார். முன்னது நம்பத் தகாதது. பின்னதை ஆய்வகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரலாம். அதற்கு அவர் விதிகள் வைத்தார்: நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கவனம் சிதறாமல் இருக்க வேண்டும், அதே நிகழ்ச்சியைப் பலமுறை நிகழ்த்த முடிய வேண்டும், தூண்டலை மாற்றி மாற்றிப் பார்க்க முடிய வேண்டும். ஒலி கேட்டதா, முதல் ஒளியை விட இரண்டாவது கூடுதலா, தாளத்தின் இந்த வேகம் இனிமையா எரிச்சலா என்பன போன்ற சிறு தீர்ப்புகளே பெரும்பாலும் கேட்கப்பட்டன. சிந்தனை, மொழி, சமயம் போன்றவற்றை ஆய்வகத்தில் அறிய முடியாது என்பது வுண்டின் உறுதியான கருத்து. அவற்றுக்காக அவர் 1900 முதல் 1920 வரை மக்களினங்களின் உளவியல் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். இவற்றைப் படித்தவர்கள் மிகச் சிலரே. (அவருடைய சொந்த நூலகத்தின் பெரும்பகுதி இன்று லைப்சிக்கில் இல்லை, ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.)

லைப்சிக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் வெவ்வேறு வகை மனிதர்கள் அல்லர். இன்று கருவியை இயக்கும் மாணவர் நாளை நாற்காலியில் அமர்ந்து விடை சொல்வார். நாற்காலியில் இருப்பவரின் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். பேராசிரியர் வுண்டே அங்கே அமர்ந்திருக்கிறார். உளவியல் சோதனை என்றால் ஒன்றும் அறியாத ஒருவரை அழைத்து வந்து ஆராய்வது என்ற வழக்கம் பிற்காலத்தில் வந்தது.

இதே காலத்தில் ஹெர்மன் எபிங்ஹாஸ் எந்த ஆய்வகமும் இல்லாமல் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகள் சுமார் 2300 உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, மறந்த பின் மீண்டும் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாளைக்குப் பின் 34. 31 நாளுக்குப் பின் 21. 1885-இல் வெளியான இந்த ஆய்வில் நினைவு என்பது எப்படி உணரப்படுகிறது என்ற கேள்வியே இல்லை. அகத்தைப் பற்றி அகநோக்கு இன்றியே அறியலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அன்று யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கார்னெலும் வூர்ட்ஸ்பர்க்கும்

வுண்டின் கட்டுப்பாட்டை மீறியவர்கள் அவருடைய மாணவர்களே. ஆங்கிலேயரான எட்வர்ட் டிட்ச்னர் 1892-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1927-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வேதியியலாளர் சேர்மத்தைத் தனிமங்களாகப் பிரிப்பது போல நனவைப் புலனுணர்வு, மனப்படிமம், உணர்ச்சி என்று பிரித்துக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். இதுவே கட்டமைப்புவாதம். அவர் எடுத்த கணக்கில் புலனுணர்வுகள் மட்டும் 44,000-க்கும் மேல். மேசையைப் பார்த்து மேசை என்று சொன்னால் அது பிழை. நிறம், ஒளி, வடிவம் இவற்றை மட்டும் சொல்ல வேண்டும். பொருளைச் சொல்லிவிடுவதைத் 'தூண்டல் பிழை' என்றார். இப்படிப் பேசப் பழக நீண்ட பயிற்சி வேண்டும். பயிற்சி தருபவர் டிட்ச்னர். சிக்கலின் வித்து இங்கேதான் இருந்தது: பயிற்சி பெறாதவரின் சாட்சி செல்லாது, பயிற்சி பெற்றவரோ ஆசிரியர் எதிர்பார்க்கும் சொற்களில் பேசக் கற்றவர்.

டிட்ச்னரின் முதல் முனைவர் பட்ட மாணவி மார்கரெட் வாஷ்பர்ன், 1894-இல் உளவியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண். ஆனால் டிட்ச்னர் 1904-இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்ளின் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக் கண்டித்தும் அவர் இருந்தவரை அது மாறவில்லை. யாருடைய பார்வை அறிவியலின் பார்வை என்று அன்று கருதப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வுண்டின் இன்னொரு மாணவர் ஓஸ்வால்ட் கூல்பே 1894-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்குக்குச் சென்றார். அங்கே வுண்ட் விலக்கி வைத்த சிந்தனையையே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தனர். 1901-இல் கார்ல் மார்பே இரண்டு எடைகளைத் தூக்கி எது கனம் என்று சொல்லச் செய்து, அந்தத் தீர்ப்பு வந்த கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். கைகளின் உணர்வு இருந்தது. சில படிமங்கள் வந்து போயின. தீர்ப்பு மட்டும் எப்படி வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சரியான விடை சட்டென்று வந்து நின்றது, அவ்வளவுதான். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் படிமமும் இல்லாத, சொல்லும் இல்லாத ஒரு 'எண்ணம்' இருப்பதாகப் பலர் தெரிவித்தனர். 'படிமமற்ற சிந்தனை' என்று இது பெயர் பெற்றது.

டிட்ச்னரின் கட்டடத்துக்கு இது பேரிடி. நனவில் உள்ள அனைத்தும் புலனுணர்வு, படிமம், உணர்ச்சி என்ற மூன்றில் அடங்க வேண்டும். நான்காவதற்கு அங்கு இடமில்லை. கார்னெலில் அதே சோதனைகளைச் செய்தனர். அங்கே எல்லா எண்ணத்துக்குள்ளும் மங்கலான படிமங்கள் இருப்பதாக விடை வந்தது. டிட்ச்னர் 1909-இல் தம் மனத்தில் 'பொருள்' என்ற கருத்தே சாம்பல் நீல நிறமுள்ள ஒரு அகப்பையின் நுனியாகத் தோன்றுவதாக எழுதினார். வூர்ட்ஸ்பர்க்கினர் கூர்ந்து பார்க்கவில்லை என்றது கார்னெல். கார்னெலார் தம் கோட்பாட்டையே காண்கிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. 1907-இல் வுண்ட் குறுக்கிட்டு, கார்ல் பியூலரின் சோதனைகளைச் சோதனைகளே அல்ல, வெறும் விசாரணை என்று கண்டித்தார். கடினமான ஒரு கூற்றைக் கொடுத்து, புரிந்ததா என்று கேட்டு, பிறகு மனத்தில் நடந்ததை விவரிக்கச் சொல்வதில் கட்டுப்பாடு எங்கே, திரும்பச் செய்வது எங்கே என்பது அவர் கேள்வி. பியூலர் பதில் எழுதினார். தீர்வு வரவில்லை; வரவும் முடியாது. இரண்டு வானியலாளர்கள் முரண்பட்டால் விண்மீன் வானில் இருக்கிறது. மூன்றாவது ஒருவர் பார்க்கலாம். ஒருவர் மனத்தில் படிமம் இருந்ததா என்பதை மூன்றாமவர் எங்கே போய்ப் பார்ப்பது?

கணக்குப் போட்ட குதிரை

இதே ஆண்டுகளில் பெர்லினில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தச் சண்டையோடு தொடர்பற்றதாகத் தோன்றினாலும், முறையியல் வரலாற்றில் அதைவிடப் பயன்பட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் வில்ஹெம் ஃபான் ஓஸ்டன் தம் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குக் கற்பித்திருந்தார். கேட்ட கூட்டலுக்கும் பின்னத்துக்கும் குதிரை காலால் தட்டி விடை சொன்னது. 1904-இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஃபான் ஓஸ்டன் உண்மையிலேயே நேர்மையானவர்; காட்சிக்குக் காசு வாங்கியதும் இல்லை.

ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் விடாமல் தொடர்ந்தார். அவர் செய்தது எளிது. கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்தார். உடனே குதிரையின் கணித அறிவு காணாமல் போயிற்று. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்மறைப்புக் கட்டியபோதும் அப்படியே. கேள்வி கேட்டதும் மனிதர் தலையைச் சற்றுக் குனிகிறார்; குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் தம்மை அறியாமல் தலையை மிகச் சிறிதளவு நிமிர்த்துகிறார்; குதிரை நிறுத்துகிறது. பிறகு ஃபங்ஸ்ட் தாமே குதிரையாக நின்று, பலரை மனத்தில் எண் நினைக்கச் சொல்லி, அவர்கள் தலையசைவைப் பார்த்தே எண்ணைச் சொன்னார். ஏறத்தாழ எல்லோரிடமும் அந்த அசைவு இருந்தது. தாம் அசைந்ததாக அவர்கள் அறியவில்லை.

மனிதர் தம்மைப் பற்றி அறியாதது எவ்வளவு என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது. இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது மருந்து எது, போலி எது என்பதை மருத்துவருக்கும் தெரிவிக்காமல் வைப்பதன் பின்னணியில் இதே அறிவுதான் செயல்படுகிறது. ஃபான் ஓஸ்டன் முடிவை ஏற்கவில்லை. 1909-இல் மனக்கசப்போடு இறந்தார்.

வாட்சனின் தாக்குதல்

அமெரிக்காவில் அதற்குள் களம் மாறியிருந்தது. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில், நனவைத் துண்டுகளாக வெட்ட முடியாது, அது ஓடும் நீர் போன்றது என்று வாதிட்டிருந்தார். சிக்காகோவில் செயற்பாட்டுவாதிகள், மனம் எவற்றால் ஆனது என்பதை விட்டுவிட்டு, அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டனர். சிக்காகோவில் எலிகளை ஆராய்ந்து 1903-இல் பட்டம் பெற்றவர் ஜான் வாட்சன். எலியின் நடத்தையைப் பதிவு செய்த பிறகு, அதன் நனவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதுவது அன்றைய வழக்கம். அது வாட்சனுக்கு எரிச்சலூட்டியது.

1913-இல் அவர் வெளியிட்ட கட்டுரை நடத்தையியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதன் வாதங்களில் மிகக் கூர்மையானது இது: இயற்பியலில் சோதனை தவறினால் கருவியையும் சூழலையும் சந்தேகிப்பார்கள், அகநோக்கில் தவறினால் பார்வையாளருக்குப் பயிற்சி போதாது என்கிறார்கள். படிமமற்ற சிந்தனைச் சண்டையை நினைவில் வைத்துப் படிப்பவருக்கு இது மிகையாகத் தோன்றாது. உளவியலின் இலக்கு நடத்தையை முன்கணிப்பதும் கட்டுப்படுத்துவதும். நனவு என்ற சொல்லே தேவையில்லை என்றார் வாட்சன்.

ஆனால் வாட்சனின் சொந்தச் சோதனை ஒன்றை அதே அளவுகோலால் பார்க்க வேண்டும். 1920-இல் அவரும் ரோசலி ரேனரும் ஆல்பர்ட் என்று பெயரிட்ட ஒரு குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, குழந்தை அதைத் தொடும்போது பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைகளுக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலுக்கும் ரோமக் கோட்டுக்கும் அஞ்சியது. அந்த அச்சத்தை நீக்காமலேயே குழந்தை அனுப்பப்பட்டது. இன்றைய எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. முறையாகவும் இது பலவீனமானது: ஒரே குழந்தை, ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை, அச்சம் எவ்வளவு என்று தீர்மானித்ததும் சோதனை செய்தவர்களே. பிறர் சாட்சியை நம்பாதவர் தம் கண்ணை மட்டும் நம்பினார். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனிடம் அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தபடியே முயலை நாளுக்கு நாள் அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். பாடநூல்களில் ஆல்பர்ட்டுக்குக் கிடைக்கும் இடத்தில் கால்பங்குகூட பீட்டருக்குக் கிடைப்பதில்லை.

அகநோக்கை விட்ட எல்லோரும் வாட்சன் பக்கம் போய்விடவில்லை. ஃபிராய்ட் நோயாளியின் பேச்சையே கேட்டார். ஆனால் அதை உண்மையின் அறிக்கையாகக் கொள்ளாமல், மறைந்திருக்கும் ஒன்றின் தடயமாகக் கொண்டார். கெஸ்டால்ட் பள்ளியின் வெர்தைமர் 1912-இல், அடுத்தடுத்து எரியும் இரண்டு கோடுகள் ஒரே கோடு நகர்வது போலத் தெரிவதை ஆராய்ந்தார். அவரிடம் பார்வையாளர்களாக இருந்தவர்கள் கோலரும் கோஃப்காவும். துண்டுகளாகப் பிரித்துச் சொல்லும் பயிற்சி எதுவும் அங்கே இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். நகர்வு தெரிகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். திரைப்படம் பார்க்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம்.

இந்தியாவில் 1915–16-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற என். என். சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். மூன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர்.

பின்வாசல் வழியே

அமெரிக்க உளவியலில் நடத்தையியலின் பிடி 1950-கள் வரை நீடித்தது. மனம் திரும்பி வந்தபோது வுண்ட் வழியாக வரவில்லை. டோண்டர்ஸ் வழியாக வந்தது. 1971-இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் கனசதுரங்களால் ஆன இரண்டு உருவங்களைக் காட்டி, அவை ஒன்றேயா என்று கேட்டனர். இரண்டும் ஒரே கோணத்தில் இருந்தால் விடைக்குச் சுமார் 1 நொடி. 180 பாகை திரும்பியிருந்தால் 4 நொடிக்கு மேல். இடைப்பட்ட கோணங்களில் நேரம் நேர்கோடாக உயர்ந்தது. ஒன்றை மனத்துக்குள் சுழற்றிப் பார்த்தோம் என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்திருந்தால் வூர்ட்ஸ்பர்க் சண்டை மீண்டும் வந்திருக்கும். சொல்லோடு கடிகாரமும் ஒத்துப்போனதால் வரவில்லை.

1977-இல் நிஸ்பெட்டும் வில்சனும் எதிர்ப்பக்கத்தைக் காட்டினர். ஒரு கடையில் ஒரே மாதிரியான நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டனர். வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தனர். ஏன் என்று கேட்டபோது நெசவையும் மென்மையையும் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமா என்றால் மறுத்தார்கள். எரிக்சனும் சைமனும் 1980-இல் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு வரைந்தனர்: ஒருவர் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனத்தில் ஓடுவதைச் சத்தமாகச் சொன்னால் அது பயனுள்ள தரவு, பிறகு காரணம் கேட்டால் வருவது பெரும்பாலும் ஊகம். மார்பேயின் எடைச் சோதனையில் கிடைத்ததும் ஏறத்தாழ இதுதான்.

மருத்துவமனையில் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பதும், மனச்சோர்வை அறியக் கடந்த இரண்டு வாரங்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்ற வினாநிரலைக் கொடுப்பதும் இன்றும் அகநோக்கையே நம்பியிருக்கின்றன. வலியைப் பொறுத்தவரை நோயாளியின் சொல்லுக்கு மாற்றாக நிற்கும் கருவி இன்னும் வரவில்லை.

ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து ஒரு சிறு ஒலிக்கருவியைப் பயன்படுத்தி வருகிறார். பங்கேற்பவர் அதை அணிந்து அன்றாட வேலைகளைப் பார்ப்பார். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். அந்தக் கணத்துக்குச் சற்று முன் மனத்தில் இருந்ததை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நீண்ட நேர்காணல் நடக்கும். தாம் எப்போதும் சொற்களால் சிந்திப்பதாக உறுதியாகச் சொன்ன சிலருடைய குறிப்புகளில் சொற்களே மிக அரிதாக இருந்தன என்கிறார் அவர். அந்தக் குறிப்புகளை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டவர் மெய்யியலாளர் எரிக் ஷ்விட்ஸ்கெபெல். இருவரும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே நேர்காணல் நடத்தி, ஒவ்வொரு குறிப்பையும் வரிக்கு வரி விவாதித்து, 2007-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். நூல் முடியும்போதும் இருவரும் முழுமையாக உடன்படவில்லை.